எங்கள் கிணற்றுக்கு வைத்த பச்சைப் புள்ளி

தம்பி,

உன் வரைபடத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு நீ வைத்திருக்கும் பச்சைப் புள்ளி பொய்.

வழக்கமாக நான் சுகம் விசாரித்து, மழை பெய்ததா என்று கேட்டு, போதகரின் பிரசங்கத்தில் இருந்த இலக்கணப் பிழைகளைச் சொல்லி, மூன்றாம் பக்கத்தில்தான் விசயத்துக்கு வருவேன். நீயும் அதை அறிந்து என் கடிதங்களைப் பின்னாலிருந்து வாசிப்பவன். இம்முறை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை நீ அந்த வரைபடத்தைப் பிரதேச சபையில் விரிக்கப் போகிறாய், அதற்கு முன் இது உனக்குத் தெரிய வேண்டும். தொலைபேசியில் சொல்ல இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் "சாப்பிட்டியோ" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இரண்டாம் முறை அடித்தபோது காலை பத்து மணி. நீ எதைச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேனோ தெரியாது.

நடந்தது இதுதான். தோட்டங்களுக்குக் கொட்டுகிற யூரியா சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் இறங்கிக் கிணறுகளில் நைத்திரேற்றாகச் சேருகிறது, எந்தக் கிணறு குடிக்க நல்லது, எது கூடாது என்று ஊரே சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று நீ கூட்டம் வைத்துச் சொன்னாய். வீட்டுக்கு ஒரு வெறும் போத்தல் கொடுத்தாய். அவரவர் தங்கள் கிணற்றில் அள்ளி நிரப்பித் தர வேண்டும். நீ சோதித்து, நல்ல கிணற்றுக்குப் பச்சையும் கூடாததுக்குச் சிவப்பும் வரைபடத்தில் வைப்பாய். எனக்கும் ஒரு போத்தல் தந்தாய். நீ போன முறை வந்தபோது மேசையில் விட்டுப்போன சோதனைத் தாள்கள் சில இருந்தன. தண்ணீரில் நனைத்தால், நைத்திரேற்று கூடக் கூடச் சிவக்கும் தாள்கள். போத்தலை நிரப்ப முன் ஒன்றை நனைத்துப் பார்த்தேன். அது போன நிறத்தைப் பார்த்தபோது, கல்யாண வீட்டுக்கு ஆரோ தவறான சேலை கட்டி வந்ததைப் போல இருந்தது. அவ்வளவு கடுஞ்சிவப்பு.

பிறகு நான் செய்ததை ஒரு தகப்பன் செய்ததாக நினைக்காதே, ஒரு இரசாயன ஆசிரியர் செய்ததாக நினை. மழைநீர்த் தாங்கியிலிருந்து ஒரு குவளை எடுத்துக் கலந்தேன். தாளை நனைத்தேன். இன்னொரு குவளை. தாள் வெளிறியது. முழுவதும் மழைத் தண்ணீராக ஊற்றினால் நீ கண்டுபிடித்துவிடுவாய், எங்கள் ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்க வேண்டும். அதனால் பிடிபடாத அளவுக்குக் கிணற்றையும், பச்சை வரும் அளவுக்கு வானத்தையும் சேர்த்தேன். வாழ்நாள் முழுவதும் தண்ணீர் சேர்த்து ஐதான கரைசல் தயாரிக்கப் படிப்பித்த எனக்கு, அதைச் சொந்த வாழ்க்கையில் பயன்படுத்தக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது. நீ கூடப் பிறகு கேட்டாய்: "அப்பா, எங்கடை தண்ணி மற்றக் கிணறுகளைவிட மென்மையாக் கிடக்கே?" நான், "பழைய கிணறு தம்பி" என்றேன். நீ தலையாட்டினாய். வேறு யாருடைய போத்தலாக இருந்தாலும் இரண்டாம் தரம் சோதித்திருப்பாய். இந்த விசயம் முழுவதிலும் உன்னுடைய பிழை அந்த ஒன்றுதான். மிச்சமெல்லாம் என்னுடையவை.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். முதலில் எனக்கு நானே சொன்ன காரணம் மானம். எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு மிசனரித் துரை குடித்துவிட்டு, இப்படி ஒரு தண்ணீரைத் தன் நாட்டிலும் குடித்ததில்லை என்று சொன்னதாக எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. அவர் அதை வெயிலில் நடந்து வந்து குடித்தார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அந்தக் கதையை வைத்தே உன் அத்தைமார் மூன்று பேருக்கும் சம்பந்தம் பேசினார்கள். அப்படிப்பட்ட கிணற்றுக்கு வாசிகசாலைச் சுவரில் சிவப்புப் புள்ளியா என்று எனக்குத் தோன்றியது. இது உண்மைதான். ஆனால் முழு உண்மை அல்ல. உன் அம்மா கடைசி இரண்டு வருடமும் வேறு தண்ணீர் குடிக்க மறுத்தவள். ஆசுபத்திரிக்கும் இந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் நான் அள்ளிக்கொண்டு போனேன். அவளுடைய நோய்க்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டென்று எந்த டொக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாள் சிவந்தபோது ஒரு கேள்வி வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது. அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. பதில் இல்லாத கேள்வியை அழிக்க ஒரே வழி அதைக் கேட்கவிடாமல் செய்வது என்று நினைத்தேன்.

எனக்கு இது பழக்கமில்லாத தொழில் என்றும் நினைக்காதே. நீ ஆறாம் வகுப்பில் விஞ்ஞானக் கண்காட்சிக்குச் சூரிய அடுப்புச் செய்தாய். மின்சாரம் இல்லாத, மண்ணெண்ணெயும் இலேசில் கிடைக்காத வருடங்கள் அவை. பழைய குடையின் உட்புறத்தில் தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை ஒட்டி, நடுவில் கறுப்புப் பூசிய பால்மாத் தகர ரின்னில் தண்ணீர் விட்டு ஒரு முட்டையைப் போட்டிருந்தாய். முகில் வந்துவிட்டது. நடுவர்கள் அடுத்த மேசைக்கு வந்துவிட்டார்கள். நீ குடையைத் திருப்பித் திருப்பி அழும் நிலையில் இருந்தாய். தண்ணீர் குடிக்க உன்னை அனுப்பிவிட்டு, வீட்டிலிருந்து அவித்துக்கொண்டு வந்திருந்த முட்டையை நான் ரின்னுக்குள் மாற்றி வைத்தேன். அந்தக் கணத்தில் வந்த பலவீனம் என்று சொல்ல எனக்கு வழியில்லை. முட்டையை அவித்தது காலை ஆறு மணிக்கு. நடுவர் அதை உடைத்துப் பார்த்தார், பிறகு உப்புக் கேட்டார். உனக்கு முதற் பரிசு. நீ அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "முகிலுக்குள்ளாலையும் வெக்கை வருகுது அப்பா" என்று சொல்லிக்கொண்டு வந்தாய். அங்கிருந்துதான் நீ பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனாய், பிறகு நோர்வேக்குப் போய், வருடத்தில் பாதி நாள் வெயிலே எறிக்காத ஊரில் உட்கார்ந்து சூரியக் கலங்களை ஆராய்ந்தாய். உன் தூய சக்தி ஆராய்ச்சியின் அத்திவாரம் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பில் அவிந்த முட்டை. இதை உனக்குச் சொல்லாமலே செத்துப்போகலாம் என்றுதான் இருந்தேன்.

அங்கேயே இருந்திருக்கலாம். நீ திரும்பி வந்து கோப்பாய்த் தோட்டக்காரருக்குச் சூரிய சக்தியில் தண்ணீர் இறைக்கும் பம் பூட்டிக் கொடுத்தாய். நான் பஸ்சில் எல்லாருக்கும் சொன்னேன். எண்ணெய் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. எண்ணெய் வாங்கி இறைத்த காலத்தில் போதும் என்று நிறுத்தியவர்கள், வெயில் சும்மா கிடைக்கிறது என்றதும் பொழுதுபடும் வரை ஓடவிட்டார்கள். இரண்டாவது கோடையில் நல்ல தண்ணீர் வற்றி, கடலுப்பு ஏறி, மூன்று தோட்டக் கிணறுகள் உவராகின. வேறு ஒருவனாக இருந்தால் திட்ட அறிக்கையில் படங்களைச் சேர்த்து அனுப்பிவிட்டு அடுத்த திட்டத்துக்குப் போயிருப்பான். நீ கலங்களை மூடி வைத்துவிட்டு, மண்ணையும் தண்ணீரையும் முதலாம் வகுப்பிலிருந்து படிக்கத் தொடங்கினாய். அதற்கு முன் தோட்டக்காரர் சங்க மண்டபத்தில் எல்லாரையும் கூப்பிட்டு, எழுந்து நின்று, "பிழை என்ரை. பம்மைத் தந்த நான் எவ்வளவு இறைக்கலாம் எண்டு சொல்லித் தரேல்லை" என்றாய்.

 பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர், "படிச்ச ஆக்கள் பிழையெண்டு சொல்லி நான் இண்டைக்குத்தான் தம்பி கேக்கிறன். இன்னொருக்காச் சொல்லும்" என்றார். மண்டபம் சிரித்தது. நீயும் சிரித்துவிட்டு இன்னொரு தரம் சொன்னாய். நான் கடைசி வரிசையில் செருப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் உன்னைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆரடா உன்னைக் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை அப்பா. அதாலைதான் சொன்னனான். கேட்ட பிறகு சொன்னால் அது பிடிபட்டது."

"வெளியிலை படிச்ச உனக்கு இப்ப என்ன மரியாதை இருக்கு?"

"கொஞ்சம் இருக்கும். பொறுத்துப் பாப்பம்."

அந்தக் கொஞ்சத்தை வைத்துத்தான் நீ பிறகு வாசிகசாலை, சனசமூக நிலையம் என்று அலைந்தாய். பிழையைச் சொன்ன பெடியன் கேட்கிறான் என்றுதான் சனம் போத்தலை வாங்கியது. அந்த நம்பிக்கையிலிருந்துதான் நான் இரண்டு குவளை குறைத்தேன்.

வரைபடத்தை நீ வாசிகசாலைச் சுவரில் ஒட்டிய கிழமையே தர்சினி வந்தாள். நீ அவளைக் கண்டிருக்க மாட்டாய். குருநகர்ப் பிள்ளை, பின் ஒழுங்கையில் மேசன் வேலை செய்யும் பெடியனைக் கட்டி வந்தவள். கைக்குழந்தைக்கு நாலு மாதம். பால் போதாமல் பால்மா கரைத்துக் கொடுக்கிறாள். அவர்கள் குடியிருக்கும் வளவுக் கிணற்றுக்கு நீ சிவப்பு வைத்திருந்தாய்.

"மாஸ்டர், உங்கடை கிணறு பச்சையாமே. பிள்ளைக்குப் பால் கரைக்க ரெண்டு போத்தல் அள்ளட்டே?"

"அள்ளு பிள்ளை."

"நான் சும்மா குடுக்கமாட்டன். நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் குடுப்பன்."

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். கைக்குழந்தையின் இரத்தத்தில் அது எப்படி ஒட்சிசனைத் தடுத்து உதட்டை நீலமாக்கும் என்பதை நான் உயர்தர வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். "கெட்டிக்காரி" என்றேன்.

இருபத்தொரு நாள் அவள் அள்ளினாள். நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் எழுதுகிறேன், அது பெருமைக்கு அல்ல. கயிறு அறுந்துவிட்டது என்றேன். புதுக் கயிறு கொண்டுவந்து என்னைவிட நன்றாக முடிந்து கட்டிவிட்டாள். கிணறு இறைத்துச் சுத்தம் பண்ண வேண்டும் என்றேன். புருசனைக் கூட்டிக்கொண்டு வந்து இறைத்துத் தருகிறேன் என்றாள். கடைசியில் கடையிலிருந்து கான் தண்ணீர் எடுப்பித்து, சேர்ச்சிலிருந்து தாய்மாருக்குக் கொடுக்கிறார்கள் என்று சொல்லி அவள் வீட்டுக்கு அனுப்பினேன். அடுத்த நாள் கிணற்றடியில் கேட்டாள்.

"நான் உங்கடை சேர்ச்சே இல்லையே மாஸ்டர்."

"தண்ணிக்கு என்ன சமயம், பிள்ளை."

"அப்ப ஒழுங்கையிலை மற்றத் தாய்மாருக்கு ஏன் வரேல்லை?"

"வரும், வரும்" என்றேன். வெறும் கான் திரும்பி வந்தது. நான் கடையில் நிறைத்து அனுப்பினேன். அதைத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் பத்திரிகை வாசித்தேன். அவள் எங்கள் கிணற்றில் அள்ளிக்கொண்டு போவது யன்னலால் தெரியும். யன்னலுக்கு முதுகைக் காட்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது, பெஞ்சன் எடுத்த எங்கள் தபாலதிபர் பக்கத்தில் வந்து நின்றார். "உங்கடை பெடியன் விண்ணன் மாஸ்டர். எங்கடை கிணத்தையும் பச்சையாக்கிப் போட்டான்" என்றார். எப்படி என்றேன். "பெறாமகள் வீட்டுத் தண்ணி திறம், அதை நிரப்பிக் குடுத்தனான். அவர் போத்தல்தானே கேட்டவர், கிணத்தைக் கேக்கேல்லையே." இருவரும் சிரித்தோம். கூட்டாளி கிடைத்தவனின் சிரிப்பு அது. தேத்தண்ணீர்க் கோப்பையைக் கழுவி வைக்கும்போதுதான், உன் வரைபடத்தில் இன்னும் எத்தனை பச்சைகள் மதிப்பான வீடுகளிலிருந்து வந்தவை என்று யோசித்தேன். ஏழை வீடுகள் கிணற்றில் உள்ளதையே நிரப்பித் தந்திருக்கும். மானம் காக்க வேண்டிய கிணறுகள் எங்களுடையவைதான். வீடு வீடாகப் போய் நீயே அள்ளு தம்பி. படிக்கல்லு உயரமான வீடுகளுக்கு முதலில் போ.

அடுத்த நாள் உன் அழைப்பு வந்தது. பச்சைக் கிணறுகளில் சிலவற்றைப் பொதுக் குடிதண்ணீர் எடுக்கும் இடமாக்கும்படி சபையைக் கேட்கப் போவதாகச் சொன்னாய். சின்னச் சூரிய பம், ஒரு குழாய், இறைக்கும் அளவுக்குக் கட்டுப்பாடு. "எங்கடை கிணத்தைத்தான் அப்பா முதலாவதாப் போட்டிருக்கிறன்" என்றாய். உன் குரலில் இருந்த சந்தோசம், குடையடியில் நின்று பரிசு வாங்கிய அன்று இருந்த அதே சந்தோசம். அப்போதுதான் முதல் தரம் சாப்பிட்டியோ என்று கேட்டேன்.

எனக்கு ஒரு சுகமான வழி இருந்தது. என் வளவுக்குள் கண்ட சனமும் வரக்கூடாது, குழாய் வைக்க விடமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஊர் உடனே நம்பியிருக்கும். கிழட்டு மாஸ்டரின் கஞ்சத்தனத்துக்கு யாரும் சாட்சி கேட்க மாட்டார்கள். உன் பெயரும் தப்பியிருக்கும். சபையில், உரக்கடை வைத்திருக்கும் அந்த உறுப்பினர், "சோலாரிலை பிழை விட்டவர் தண்ணியிலை மட்டும் சரியா இருப்பாரோ" என்று ஏற்கெனவே கேட்டுக்கொண்டு திரிகிறார். சொந்தத் தகப்பனே போத்தலில் கலந்தான் என்று தெரிந்தால் அவர் முழு வரைபடத்தையும் சுருட்டிக் குப்பையில் போடச் சொல்வார். பாதிப் பேர் கைதட்டுவார்கள். சிவப்புப் புள்ளி பெற்றவர்கள் எல்லாரும் அந்தப் பாதிக்குள் இருப்பார்கள். இதையெல்லாம் யோசித்து, உனக்காகத்தான் மறைக்கிறேன் என்று ஒரு முழு நாள் என்னை நம்பவைத்தேன். முட்டையை மாற்றியதும் உனக்காகத்தான்.

நேற்றுக் காலை தர்சினி வாளியை இறக்கும்போது போய்ச் சொன்னேன்.

"பிள்ளை, இந்தத் தண்ணியைக் குழந்தைக்குக் குடுக்காதை."

"ஏன் மாஸ்டர், பூனை விழுந்திட்டுதோ?"

"இல்லை. தம்பி சோதிச்ச போத்தலுக்குள்ளை நான் மழைத்தண்ணி கலந்தனான்."

அவள் கயிற்றை விடவில்லை. "நான் முதல் நாள் வந்து கேக்கேக்கை உங்களுக்குத் தெரியும்."

"ஓம். தெரியும்."

"கானிலை வந்தது?"

"நான் எடுப்பிச்சது."

அவள் வாளியை மெதுவாகக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தாள். "மாஸ்டர், அந்தக் கான் தண்ணியிலை நான் பிள்ளையின்ரை துணி தோய்ச்சனான். கடைத் தண்ணி எப்பிடியோ தெரியாது, மாஸ்டர் வீட்டுக் கிணறு சோதிச்ச கிணறு எண்டு, இதைத்தான் அவனுக்குக் குடுத்தனான்."

திட்டியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். திட்டவில்லை. புருசனுக்கு அழைத்து, முச்சக்கரவண்டி பிடித்து, குழந்தையைத் தெல்லிப்பழை ஆசுபத்திரிக்குக் கொண்டு போனார்கள். என்னை ஏற்றவில்லை. நான் பஸ்சில் பின்னால் போனேன். அங்கிருந்த இளம் டொக்டர் குழந்தையின் உதட்டையும் நகங்களையும் பார்த்தார். என்ன தண்ணீர், எத்தனை நாள் என்று கேட்டார். தர்சினி என் பக்கம் கையைக் காட்டினாள், நான் சொன்னேன். இப்போதைக்குப் பயப்படுமளவுக்கு ஒன்றும் தெரியவில்லை, இரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும், தண்ணீரை உடனே மாற்றுங்கள் என்றார். முடிவு இன்னும் வரவில்லை. குழந்தை தாயின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்துச் சிரித்தது. மூன்று கிழமையாகக் கிணற்றடியில் பார்த்த முகம் அல்லவா.

வியாழக்கிழமை நீ எழுந்து, ஒரு வீட்டார் தவறான மாதிரி தந்துவிட்டார்கள் என்று பூசி மெழுகாதே. என் பெயரைச் சொல், உறவையும் சொல். பிறகு வரைபடத்தில் போத்தலில் வந்த புள்ளிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்கு. சபை சிரித்தால் சிரிக்கட்டும். நானும் வருவேன், முன்வரிசையில் இருப்பேன், என்னிடம் கேட்காவிட்டாலும் எழுந்து சொல்வேன். உன் வேலை அதனால் நின்றுபோகலாம். போகாது என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் இந்தக் கடிதத்தில் ஆசைக்கு எழுதிய வசனம் ஒன்றும் இருக்கக்கூடாது என்று வைத்திருக்கிறேன்.

இன்று விடிந்ததும் தர்சினி வந்தாள். தன்னுடைய போத்தல், தன்னுடைய மூடி. நான் கிட்டப் போனேன். "நீங்கள் தொடாதேங்கோ மாஸ்டர்" என்றாள். தானே அள்ளி, மூன்று தரம் அலசி, நிரப்பி, மூடி, துணியால் சுற்றிக் கட்டினாள். அதை யாழ்ப்பாணத்துக்கு உன் ஆய்வுகூடத்துக்குத் தானே கொண்டு வரப்போகிறாளாம், வேறு ஒருவர் கையிலும் கொடுக்க மாட்டாளாம். இந்தக் கடிதத்தையும் கொண்டு போகிறாயா என்று கேட்டேன். "ஒட்டாமல் தாங்கோ. வாசிச்சுப் போட்டுத்தான் கொண்டு போவன்" என்றாள். கிணற்றடியில் நின்றபடி அதுவரை எழுதியதை முழுவதும் வாசித்தாள். நான் பத்தொன்பது நாள் என்று எழுதியிருந்தேன். இருபத்தொன்று என்றாள். மேலே வெட்டித் திருத்தியிருப்பது அதுதான்.

அவள் ஒன்பது மணி பஸ்சில் ஏறுவாள். போத்தலை மடியில் வைத்துக்கொண்டுதான் இருப்பாள், நீ வாங்கி உள்ளே கொண்டுபோக விடமாட்டாள். விடச் சொல்லி வற்புறுத்தாதே. நீ சோதிக்கும் மேசைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு கதிரை போடு. ஒவ்வொன்றையும் என்ன செய்கிறாய் என்று சொல்லிச் சொல்லிச் செய். முடிவு வந்ததும் எனக்கு அழைக்காதே. முதலில் அவளுக்குச் சொல்.

அப்பா